தோளில் ஒரு தழும்பு: பி.சி.ஜி. வாதமும் செங்கற்பட்டு ஆய்வும்

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதப் பிற்பகுதியில் ஒரு நாள், உட்லண்ட்ஸ் வட்டாரத் தடுப்பூசி நிலையம் ஒன்றில் என் முறைக்காகக் காத்திருந்தேன். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் எழுபதைக் கடந்தவர். இரண்டாம் ஊசிக்காக வந்திருந்தார். சட்டைக் கையை மடித்துத் தம் தோளில் இருந்த இரு தழும்புகளை எனக்குக் காட்டினார். "இது அம்மை குத்தினது தம்பி, இது டி.பி. ஊசி. அந்தக் காலத்துல ஊசின்னா கையை நீட்டினோம். இப்ப மாதிரி யாரும் இவ்வளவு பேசல" என்றார். சில நாள்களுக்கு முன்புதான் சென்னையில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17 அன்று, மாரடைப்பால் காலமாகியிருந்தார். அது பற்றிய குரற்பதிவுகள் நம் கைப்பேசிகளில் ஓயாது வந்து விழுந்துகொண்டிருந்தன. பெரியவர் குறிப்பிட்டது அந்தப் பேச்சைத்தான்.

மூத்தவரிடம் அங்கே மறுத்துரைப்பது முறையன்று என வாளாவிருந்தேன். ஆயினும் வரலாறு அவர் கூற்றுக்கு மாறானது. அவர் தோளில் இருந்த இரண்டாம் தழும்பு, அதாவது பி.சி.ஜி. ஊசியின் தழும்பு, தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பெரும் பூசலுக்குப் பொருளாயிருந்தது. அப்பூசலின் ஒரு பக்கத்தில் நின்றவர் எளியவர் அல்லர். நம் மாணவர் உரைநடைக்கு முன்மாதிரியாகப் படிக்கும் மூதறிஞர் இராஜாஜி. அதன் மறுபக்கத்தில் நின்றது இந்திய அரசு. இருவருக்கும் விடை சொன்னவர்கள் பின்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர் மக்கள். இக்கதை ஆசிரியருலகில் அவ்வளவாக அறியப்படவில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

நோயும் மருந்தும்

எலும்புருக்கி, சயரோகம், காசம் எனப் பல பெயரிட்டு நம் முன்னோர் அஞ்சிய நோய் இது. இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 5 லட்சம் பேர் இதனால் மாண்டனர் என்றும், 25 லட்சம் பேர் நோயுற்றிருந்தனர் என்றும் 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை மதிப்பிட்டது. மருத்துவமனைப் படுக்கைகளோ சில ஆயிரமே இருந்தன.

பிரான்சு நாட்டு லீல் நகரின் பாஸ்டர் நிலையத்தில் கால்மெத், கெரேன் என்னும் இருவர் மாடுகளுக்குக் காசநோய் உண்டாக்கும் நுண்ணுயிரியை எடுத்து, பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கின்மேல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வளர்த்தனர். 1908 முதல் 1921 வரை 13 ஆண்டுகள், ஏறத்தாழ 230 முறை இது நடந்தது. இறுதியில் அந்த உயிரி நோய் விளைக்கும் வன்மையை இழந்தது. உயிரை மட்டும் இழக்கவில்லை. அதுவே பி.சி.ஜி. உயிருள்ள கிருமியை உடலுக்குள் செலுத்துவது என்பதே பின்னாளில் எழுந்த அச்சத்துக்கெல்லாம் வேராயிற்று.

அவ்வச்சத்துக்கு வரலாற்றுச் சான்றும் ஒன்று உண்டு. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1929 டிசம்பர் முதல் 1930 ஏப்ரல் வரை சுமார் 250 பச்சிளங் குழந்தைகளுக்கு இம்மருந்து வாய்வழி புகட்டப்பட்டது. அவர்களுள் 72 பேர் காசநோயால் இறந்தனர். நடந்தது என்னவென்று ஆராய்ந்தபோது, அந்நகரத்து ஆய்வகத்தில் மருந்தோடு வன்மை குன்றாத நோய்க்கிருமி கலந்துவிட்டது தெரியவந்தது. பொறுப்பாயிருந்த மருத்துவர் இருவர் 1932இல் தண்டனை பெற்றனர். குற்றம் மருந்தினுடையதன்று, ஆய்வகத்தினுடையது. ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? லூபெக் என்ற பெயர் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் சென்னையில் ஒலித்ததில் வியப்பில்லை.

1955: சென்னையில் எழுந்த குரல்

1948இல் சென்னைக் கிண்டியில், கிங் நிலையத்தை ஒட்டி, பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் அமைந்தது. அவ்வாண்டே மதனப்பள்ளியில் ஊசி போடும் பணி தொடங்கியது. உலக நல நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் துணைநிற்க, 1951 முதல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. முதலில் முன்கையில் டியூபர்குலின் என்னும் நீர்மத்தைச் செலுத்துவர். மூன்று நாள் கழித்து அவ்விடம் தடித்திருந்தால் அவர் முன்பே கிருமியை எதிர்கொண்டவர். தடிக்காதவருக்கே ஊசி. பெருந்திரளான பிள்ளைகள் ஓரிடத்தில் கிடைப்பது பள்ளியில்தான் என்பதால் பள்ளிகளே இவ்வியக்கத்தின் களமாயின. சிங்கப்பூரிலும் இதே முறைதான் கையாளப்பட்டது. நான் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பில் இருந்தபோது, முன்கை தடித்த மாணவன் ஒருவனுக்கு நோய் இருக்கிறது என்று வகுப்பில் ஒரு வதந்தி பரவி, அவன் ஒரு வாரம் தனியே அமர்ந்து உண்டான். உண்மையில் அவன் நலமாகவே இருந்தான். வதந்தி பரவக் கைப்பேசி வேண்டும் என்பதில்லை.

சென்னையைச் சேர்ந்த ஏ. வி. ராமன் என்ற பொறியாளர் 1940களின் இறுதியிலேயே இத்திட்டத்தை எதிர்த்து எழுதத் தொடங்கியிருந்தார். 1955இல் இராஜாஜி களம் இறங்கியதும் எதிர்ப்பு வேறு உருவம் கொண்டது. 1954 ஏப்ரலில் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த அவருக்கு அப்போது வயது 76, பாரத ரத்னா விருது பெற்றவர், நாடெங்கும் மதிக்கப்பட்டவர். "பி.சி.ஜி. தடுப்பூசி: நான் எதிர்ப்பது ஏன்" என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூல் பெரும் பரபரப்பை விளைவித்தது.

இராஜாஜி அறிவியலுக்குப் பகைவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. 1916இல் சேலத்தில் தமிழில் அறிவியல் கலைச்சொற்களை ஆக்குவதற்கென்றே சங்கம் கண்டவர் அவர். "திண்ணை ரசாயனம்" எழுதி, வேதியியலைத் தமிழில் எளிய மக்களுக்குச் சொல்லித் தந்தவரும் அவரே. அவருடைய வாதங்களுள் சில இன்றும் மறுக்க முடியாதவை. பெற்றோரிடம் உண்மையை முழுதும் விளக்கி இசைவு பெறாமல், பள்ளியில் வைத்துப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது முறையா என்று வினவினார். விருப்பமுள்ளோர்க்கு மட்டுமே என்று ஏட்டில் இருந்தாலும், தலைமையாசிரியர் முன் வரிசையில் நிற்கும் சிறுவனுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா? இக்கேள்வி என் போன்றோரைச் சுடவே செய்கிறது. உணவும் உறையுளும் தூய காற்றும் இல்லாத மக்களுக்கு ஊசி ஒன்றே போதுமா என்றும் கேட்டார். அமெரிக்கா இதனைத் தன் மக்கள் அனைவருக்கும் உரிய திட்டமாக ஏற்கவில்லை என்பதும் எதிர்ப்பாளர் கையில் வலிய ஆயுதமாக இருந்தது.

அவர் வாதம் தடம் புரண்ட இடம் வேறு. ஊசி போட்டபின் தம் பிள்ளை நோயுற்றது, மெலிந்தது, இறந்தது என்னும் செய்திகள் பரவலாயின. அவை ஒவ்வொன்றும் ஊசியின் கொடுமைக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்ளப்பட்டன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறிந்ததே. அந்தப் பழம் காக்கையால் விழுந்ததா, கனிந்ததால் விழுந்ததா என்பதை அந்த ஒரு மரத்தையே எத்தனை நேரம் பார்த்தாலும் அறிய இயலாது. காக்கை உட்காத மரங்களையும் எண்ண வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஒரே மாதத்தில் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டால், அவர்களுள் சிலர் அடுத்த சில வாரங்களில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் விழத்தான் செய்வர். அக்காலத்தில் சிலர் இறக்கவும் செய்வர். ஊசி போடாத இன்னொரு லட்சம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அப்படி நேர்ந்தது? இந்த எண் இல்லாத கடிதம் கண்ணீரைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

நடுநிலையோடு சொல்வதானால், அரசின் கையிலும் அந்த எண் இல்லை. நலவாழ்வுத் துறை அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரும் அரசின் காசநோய் ஆலோசகர் டாக்டர் பி. வி. பெஞ்சமினும் ஊசி தீங்கற்றது, பயனுடையது என்று உறுதிபடக் கூறினர். தீங்கு பற்றி அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியே. ஊசி போட்ட இடத்தில் புண்ணும், சிலருக்கு நெறிகட்டுதலும் உண்டாகும். பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குன்றிய மிகச் சில குழந்தைகளுக்கே அது பேரிடர். ஆனால் பயன்? வட அமெரிக்கப் பழங்குடியினரிடையே 1930களில் நடந்த ஓர் ஆய்வு நற்பயன் காட்டியிருந்தது. பிரிட்டனில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு 1950இல் தொடங்கிய ஆய்வின் முதல் அறிக்கை 1956இல்தான் வந்தது. அதுவும் ஐந்தில் நான்கு பங்கு நோயைத் தடுத்ததாகக் கூறிற்று. இவையெல்லாம் வேறு மண்ணில், வேறு மக்களிடையே கண்டவை. சென்னைக் குழந்தைக்கும் அவ்வாறே பயன்படும் என்பது 1955இல் நம்பிக்கையே அன்றி நிறுவப்பட்ட உண்மையன்று. எத்தனை லட்சம் பேருக்கு ஊசி போட்டோம் என்ற கணக்கு, எத்தனை பேரை நோயினின்று காத்தோம் என்ற கணக்காகாது.

ஆக, ஒரு பக்கம் அச்சத்தைப் பெருக்கிப் பேசியது. மறுபக்கம் உறுதியைப் பெருக்கிப் பேசியது. செய்தித்தாள்களுக்கு இரண்டும் நல்ல விருந்து.

திருவள்ளூரைச் சுற்றி

1968 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக நல நிறுவனத்தின் துணையோடும் அமெரிக்கப் பொது நலவாழ்வுத் துறையின் துணையோடும், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. இன்று அப்பகுதி திருவள்ளூர் மாவட்டம் என்றும் பிறவாறும் பிரிந்துள்ளது. திருவள்ளூர் நகரும் அதைச் சூழ்ந்த 200க்கு மேற்பட்ட சிற்றூர்களும் களமாயின. வீடு வீடாகச் சென்று 3,60,000க்கு மேற்பட்டோரைப் பதிவு செய்தனர். அவர்களுள் ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை சுமார் 2,80,000 பேர் ஊசி பெற்றனர். பதிவும் ஊசி போடுதலும் முடிய 1971 ஆயிற்று.

இவ்வாய்வின் நுட்பம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒரு பகுதியினர்க்கு மருந்து முழு அளவில். ஒரு பகுதியினர்க்குப் பத்தில் ஒரு பங்கு. எஞ்சியோர்க்கு மருந்தே கலவாத வெறும் நீர்மம். யாருக்கு எது என்பது திருவுளச் சீட்டைப் போலத் தற்செயலாகவே அமைந்தது. ஊசி பெற்றவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது, பின்னாளில் எக்ஸ்ரே படம் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்தவருக்கும் தெரியாது. இப்படி மறைத்து வைப்பதன் பொருளை மாணவர் ஊன்றி எண்ண வேண்டும். ஆய்வாளர் பொய் சொல்வார் என்பதற்காக அன்று இந்த ஏற்பாடு. நேர்மையான ஆய்வாளரின் கண்ணும் தான் விரும்பியதையே காணும் என்பதற்காகத்தான். இராஜாஜிக்கும் அமைச்சருக்கும் வாய்க்காத பாதுகாப்பு இது.

அதன்பின் காத்திருத்தல் தொடங்கியது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே வண்டி ஊருக்குள் வரும். பத்து வயதைத் தாண்டியோரெல்லாம் படமெடுத்துக்கொள்வர். ஐயம் தோன்றினால் சளியைச் சேகரித்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பர். அறுவடைக் காலத்தில் ஆள் வீட்டில் இருக்கமாட்டார். மணமாகிப் போன பெண்ணின் புகுந்த ஊரைத் தேட வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குச் சென்ற ஆசிரியர்களுக்கு இந்தப் பாடு புரியும். பட்டியல் எழுதிய களப்பணியாளர் எவர் பெயரையும் வரலாறு போற்றவில்லை.

ஏழரை ஆண்டுக் கணக்கு முடிந்து, 1979, 1980ஆம் ஆண்டுகளில் முடிவு வெளியாயிற்று. நுரையீரல் காசநோயைத் தடுப்பதில், மருந்து பெற்றவர்க்கும் வெறும் நீர்மம் பெற்றவர்க்கும் வேறுபாடு இல்லை. முழு அளவும் பயன் தரவில்லை. குறைந்த அளவும் தரவில்லை. உலகிலேயே பெரிய பி.சி.ஜி. ஆய்வு, மருந்து அங்கே பெரியவர்களைக் காக்கவில்லை என்று அதனை நடத்தியவர் வாயாலேயே கூறிற்று. ஆய்வாளர்கள் முடிவை ஒளிக்கவுமில்லை, மழுப்பவுமில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர் ஆய்வையும் முடித்து 1999இல் வெளியிட்டனர். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, சிறுவர்களுக்குச் சிறிதளவே உண்டு என்பதே அதிலும் கண்டது.

அப்படியானால் இராஜாஜி வென்றாரா? அவர் 1972இலேயே மறைந்துவிட்டார். இருந்திருப்பின் மகிழ்ந்திருப்பார் என எண்ணுகிறேன். ஆனால் அம்மகிழ்ச்சி அரைகுறையாகவே இருந்திருக்கும். ஊசி நோயைத் தருகிறது என்ற அச்சத்துக்கு அந்த ஆய்வு இடங்கொடுக்கவில்லை. முன்பே கிருமி தொற்றியவர்களுக்கும் சேர்த்தே அங்கே ஊசி போட்டிருந்தனர். அவர்களிடையேயும் பேரழிவு எதுவும் நிகழவில்லை. பயனின்மை வேறு, தீங்கு வேறு. பயன் பற்றிய ஐயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. அச்சம் பற்றிய முழக்கத்தில் இல்லை.

பி.சி.ஜி. வீண் என்ற பேச்சு அப்போது உலகெங்கும் எழுந்தது. 1980இல் கூடிய உலக நல நிறுவன வல்லுநர் குழு அதற்கு இணங்கிவிடவில்லை; ஆய்வு எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று பார்த்தது. அளந்தது பெரும்பாலும் பெரியோரின் நுரையீரல் நோய். கைக்குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் காசநோயை அது அளக்கவில்லை. அந்நோய் வந்த குழந்தை பிழைத்தாலும் பெரும்பாலும் ஊனமுறும். ஆகவே குழந்தைகளுக்கு ஊசி தொடரட்டும் என்று குழு பரிந்துரைத்தது. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அக்கொடிய வகை நோயை இவ்வூசி ஏறத்தாழ முக்கால் பங்கு தடுக்கிறது என்று தெளிவாயிற்று. தலைப்புச் செய்தியை நம்பி 1980இல் ஊசியை நிறுத்தியிருந்தால் எத்தனை தொட்டில்கள் வெறுமையாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறேன்.

பிரிட்டனில் பலித்தது செங்கற்பட்டில் பலியாதது ஏன்? வெப்ப நாட்டு மண்ணிலும் நீரிலும் வாழும், நோய் செய்யாத உறவுக் கிருமிகளோடு நம் மக்கள் இளமையிலேயே பழகிவிடுகின்றனர். அப்பழக்கமே ஓரளவு எதிர்ப்பாற்றலைத் தந்து ஊசியின் பயனை மறைத்துவிடுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். முற்றமுடிந்த விளக்கம் அன்று.

இங்கே ஒன்றை இடைப்பிறவரலாகச் சொல்ல வேண்டும். பூசல் நடந்த அதே சென்னையில், 1956இல், சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தொடங்கியது. மருந்துகளை உண்டு வீட்டிலேயே இருக்கும் நோயாளி, மருத்துவமனையில் தங்கியவரைப் போலவே குணமடைகிறார் என்று 1959இல் அது நிறுவிற்று. ஊசிக்குச் செலவிடுவதைவிடப் படுக்கைகளைக் கட்டலாம் என்று கூறிவந்தோரின் வாதமும், படுக்கை இன்றேல் கதியில்லை என்று கையைப் பிசைந்தோரின் கவலையும் ஒருங்கே அடிபட்டுப்போயின. காசநோய் மருத்துவத்தை உலகெங்கும் மாற்றிய அந்த ஆய்வை நம் பாடநூல்களில் காணோம்.

மீண்டும் தோளுக்கு

சிங்கப்பூரில் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடப்படுகிறது. பள்ளி மாணவர்க்கு இரண்டாம் முறை போடும் வழக்கமோ 2001 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இரண்டாம் ஊசியால் கூடுதல் பயன் உண்டு என்பதற்குச் சான்றில்லை என்று உலக நல நிறுவனம் 1995இலேயே அறிவித்திருந்தது. அந்த நிறுத்தத்தைப் பற்றி ஆசிரியர் அறையில் யாரும் வாதிட்டதாக எனக்கு நினைவில்லை. எண்களைப் பார்த்து ஒன்றைத் தொடங்கினர். எண்களைப் பார்த்தே நிறுத்தினர்.

2020இல் பி.சி.ஜி. மறுபடியும் செய்தியாயிற்று. இம்முறை பழிச்சொல்லாக அன்று, புகழ்ச்சியாக. இவ்வூசி போடும் நாடுகளில் கொவிட் குறைவு, ஆகவே தோளில் தழும்பு உள்ளோர் அஞ்ச வேண்டா என்று பேசிக்கொண்டனர். அவ்வாண்டு ஏப்ரலில், அதற்குச் சான்றில்லை என உலக நல நிறுவனம் எச்சரித்தது. பல நாட்டு மருத்துவப் பணியாளர் ஏறத்தாழ 4,000 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஊசி அவர்களைக் கொவிட்டிலிருந்து காக்கவில்லை. 1955இல் அச்சம் செய்த பிழையை 2020இல் ஆசை செய்தது. எண்ணப்படாத மரங்கள் அதே மரங்கள்தாம்.

நடிகர் விவேக் விவகாரத்தில், தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் இந்தியத் தேசியக் குழு 2021 அக்டோபரில் தன் முடிவைத் தெரிவித்தது: இறப்பு தற்செயலாக உடன்நிகழ்ந்தது, ஊசி காரணமன்று. ஆறு மாதம் தாழ்ந்து வந்த அம்முடிவு, ஏப்ரலில் பரவிய குரற்பதிவைக் கேட்டவர்களுள் எத்தனை பேரை எட்டியிருக்கும்? அதே ஆண்டில் சிங்கப்பூரில், இளைஞர் சிலருக்குக் கொவிட் ஊசிக்குப் பின் இதயத் தசை அழற்சி ஏற்படக்கூடும் என்று அதிகாரிகளே வெளிப்படையாக அறிவித்தனர். ஊசிக்குப்பின் சில காலம் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்கச் சொன்னார்கள். பள்ளிகளில் அதனைக் கடைப்பிடித்தோம். பாதிப்புற்றோர்க்கு நிதியுதவித் திட்டமும் இருந்தது. பெற்றோர் சிலர் அந்த அறிவிப்பைக் கண்டு அஞ்சியது உண்மை. மறைக்காமல் சொன்னார்களே என்று ஆறுதல் கொண்டோரும் இருந்தனர். 1955இல் சென்னைப் பெற்றோர்க்கு இப்படி எண்களோடு விளக்கிச் சொல்லியிருந்தால் இராஜாஜியின் சிறுநூலுக்கு அத்தனை செவிகள் கிடைத்திருக்குமா என்று சில வேளை எண்ணுவதுண்டு.

2024இல் இந்தியாவின் பல மாநிலங்களில் பெரியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டு, அது அவர்களைக் காசநோயிலிருந்து காக்குமா என்று அறியும் ஆய்வு தொடங்கியது. செங்கற்பட்டில் கேட்ட அதே வினாவை, நோய்வாய்ப்படும் வாய்ப்பு மிகுந்தோரிடம் மீண்டும் கேட்கின்றனர். பெயர்ப் பட்டியலோடு எவரோ ஒரு களப்பணியாளர் மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.